சரசுவின் ஒரு மணி மாத்திரை

1

நாளை மறுநாள் என் மனைவி சரசுவுக்கு வருஷத் திதி. இன்று காலை பெங்களூரிலிருந்து மகள் நந்தினி போன் செய்தாள். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் இந்த மைசூரில். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள்.

"அப்பா, படையலுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க, சாமான் வாங்கிட்டு வந்துடறேன். அம்மாவுக்கு ஏனு இஷ்ட?"

அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறாள். செத்தவருக்குப் பிடித்ததை ஆக்கி இலையில் வைப்பதுதானே நம் பக்கத்து வழக்கம்? என் அப்பா திதிக்கு வெள்ளாட்டுக் கறிக் குழம்பும் ஒரு கட்டு பீடியும் வைப்போம். அதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. அண்ணன் திதிக்குக் கொள்ளுப் பருப்பும் ரசமும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.

சரசுவுக்கு என்ன பிடிக்கும்?

"யோசிச்சுச் சொல்றேன், சாமி" என்று போனை வைத்துவிட்டேன்.  முப்பத்திரண்டு வருஷம் அவள் ஆக்கிப் போட்டதைத் தின்றவன் நான். அவள் என்ன தின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அது ஏன் தெரியாமல் போயிற்று, அந்தத் தெரியாமை எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தியூரில், பவானியில், கோபியில் இதைப் படிக்கப்போகிறவர்களே, வருஷா வருஷம் நம் ஊர் மலருக்கு நான் எழுதுவதுபோல இந்த முறை சிரிப்பாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. நான் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறி இறங்கி, ஹனூர், கொள்ளேகால் வழியாக மைசூர் வந்து நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் கடை போட்டேன். ஒரு நாள் பஸ் தூரம்தான். ஆனாலும் மலைக்கு அந்தப்பக்கம் வேற பாஷை, வேற சர்க்கார், வேற ஃபாரம். ஊர்ப் பேரைச் சொன்னால் "அது எல்லி பருத்தே?" என்று, அது எங்கே இருக்கிறது என்று, முப்பது வருஷமாகக் கேட்கிறார்கள்.

கன்னடத்தை நான் கடையில் கற்றுக்கொண்டேன். சொல்லித்தந்தவர்கள் விவசாயிகள். பம்ப்செட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்லுகிற அழகை நான் எங்கேயும் கேட்டதில்லை. நம் ஆள் ஒருத்தர், ஹனூர்த் தமிழர், "மூச்சு வாங்குதுங்க, ஏறமாட்டீங்குது" என்பார், தன் மாமனாரைப் பற்றிச் சொல்வதுபோல. இன்னொருவர், டி.நரசிபுரத்து ஆள், "குய்னு சத்தம் போட்டுச்சு, அப்புறம் கோவிச்சுக்கிச்சு" என்பதைக் கன்னடத்தில் சொல்லுவார். இப்படிக் கேட்டதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். பேச்சு என்றால் எனக்கு அவ்வளவு ஆசை.

சரசுவுக்குக் கன்னடம் நாலே சொல். ஏன் ரேட்டு, பேடா, சாக்கு, நாளெ பன்னி. விலை என்ன, வேண்டாம், போதும், நாளைக்கு வாருங்கள். காய்கறி வண்டிக்காரரோடும் பால்காரரோடும் இந்த நாலை வைத்தே முப்பது வருஷம் ஓட்டினாள். மற்ற இடத்தில் அவளுக்காக நான் பேசினேன். பேங்கில், ரேஷன் கார்டு ஆபீசில், பள்ளிக்கூடத்தில், கடைசியில் ஆஸ்பத்திரியில். அவளுக்காகப் பேசுகிறேன் என்று எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

வீட்டில் சோறு என்றால் அதற்கு ஒரு மணி. ஒரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வருவேன். காலைக் கழுவி உட்காரும்போது தட்டு தயாராக இருக்கும். அவள் எதிரே நின்றுகொண்டு பரிமாறுவாள்.

"நீயும் உக்காரு புள்ள."

"நீங்க உண்ணுங்க, நா அப்பறம்."

கல்யாணமான புதிதில் தினமும் கேட்டேன். பிறகு எப்போதாவது கேட்டேன். பிறகு கேட்கவில்லை. நான் உண்டுவிட்டுக் கடைக்குப் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது.

3

வயிற்றுவலி என்று அவள் சொல்ல ஆரம்பித்து வெகுநாள். மேல்வயிற்றில் பிடித்து முதுகுவரைக்கும் இழுக்கும். வலி வந்தால் குனிந்து உட்கார்ந்துகொள்வாள். கசாயம், சோடா, அல்சர் மாத்திரை என்று ஓடியது. பிறகு இளைக்க ஆரம்பித்தாள். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தாள், மறுபடி பிடித்துத் தைத்தாள். பக்கத்து வீட்டு ஜெயம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "சரசம்மா, காத்தடிச்சா எங்க வீட்டுக்குள்ள வந்து விழுந்துடுவீங்க" என்று அவர்கள் பாஷையில் கேலி செய்வாள். இவள் "நாளெ பன்னி" என்று பதில் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கக்கூஸுக்குப் போய்விட்டு வந்தால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது, எவ்வளவு ஊற்றினாலும் போவதில்லை என்று அவள் என்னிடம் சொன்னது ஒரு வருஷம் கழித்து. வெட்கம்.

ஒருவழியாக ஆஸ்பத்திரி. ஒரு ஜன்னலில் சீட்டு, இன்னொன்றில் முத்திரை, மூன்றாவதில் ஆதாரில் இருக்கிற பெயரும் ரேஷன் கார்டில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்றில் சரஸ்வதி, இன்னொன்றில் சரசம்மா. இரண்டும் ஒருத்திதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவர நாலு நாள். அந்த நாலு நாளும் அவள் குனிந்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் நல்லவர், நிதானமானவர். கணையத்தில் கல் இருக்கிறது, அது வெகுநாளாகச் சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்றார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார், இந்தம்மா குடிப்பாரா என்று. வழக்கமாகக் கேட்கவேண்டிய கேள்வி அது. நான் அதைச் சரசுவிடம் சொன்னேன்.

"மோர் குடிப்பேன்னு சொல்லுங்க" என்றாள். டாக்டரும் சிரித்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

குடிக்காதவர்களுக்கும் நம் பக்கத்தில் இது வருவதுண்டாம். உண்ட சோற்றைக் கரைக்கிற சத்து கணையத்திலிருந்து சுரக்க வேண்டும், இவளுக்குச் சுரக்கவில்லை, அதனால் எதைத் தின்றாலும், முக்கியமாக எண்ணெயும் கொழுப்பும், உடம்பில் ஒட்டாமல் போகிறது என்றார். அந்தச் சத்தையே மாத்திரையாகத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். பெரிய கேப்சூல். உள்ளே கடுகைவிடச் சின்னச் சின்ன உருண்டைகள். மெல்லக் கூடாது, சுடுகாப்பியோடு விழுங்கக் கூடாது, சாப்பாட்டோடு போட வேண்டும். சாப்பாட்டோடு என்பதை மூன்று தரம் சொன்னார். நானும் சரசுவிடம் மூன்று தரம் சொன்னேன்.

"சோத்தோட போடோணும். மறந்துடாத."

"மறக்கமாட்டேன், போங்க."

மறக்கவும் இல்லை.

4

மாத்திரை ஆரம்பித்துப் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் அவள் ஏழு கிலோ குறைந்தாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார். ரத்தம் எடுத்தார், மறுபடி ஸ்கேன் எடுத்தார். சர்க்கரையும் வந்திருந்தது, அதற்கு ஊசி. ஒவ்வொரு தரமும் மேஜைமேல் பேனாவைத் தட்டிக்கொண்டே அதே கேள்வி: சாப்பாட்டோடுதானே போடுகிறார்?

ஒவ்வொரு தரமும் நான் சொன்னேன். "ஊட்டத ஜொதெலே சார். நன் எதுர்லே." சாப்பாட்டோடுதான், என் கண்ணெதிரிலேயே.

பொய் இல்லை. நான் ஒரு மணிக்குத் தட்டின் முன்னால் உட்காருவேன். அவள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, ஜன்னல் மேடையிலிருக்கிற டப்பாவைத் திறந்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். நான் பார்த்துக்கொண்டே பிசைவேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடைப் பெண் நந்தினியிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். இந்த மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. நந்தினிக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், அம்மா முழுங்குவதுபோல நடித்துத் துப்பிவிடுகிறாள், அதனால்தான் எடை ஏறவில்லை என்று. லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒரு மணிக்கு நான் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா பக்கத்தில் போய் நின்றாள். சரசு மாத்திரையைப் போட்டுக்கொண்டதும், "பாயி தெகிம்மா" என்றாள்.

சரசு என்னைப் பார்த்தாள்.

"வாயைத் தொறக்கச் சொல்றா" என்றேன். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

சரசு வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். நந்தினி மொபைல் டார்ச்சைப் போட்டு உள்ளே பார்த்தாள். ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவள் எடை முப்பத்தாறு கிலோ. வாயை மூடிக்கொண்டு, "பன்னியோ ஆடோ, பொழைக்கத் தர்றதைத் துப்புவனா கண்ணு?" என்றாள் மகளிடம். பிறகு என் தட்டைப் பார்த்து, "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள்.

நான் ஊற்றச் சொன்னேன்.

5

அடுத்த முறை போனபோது டாக்டர் எங்களை வேறொரு அறைக்கு அனுப்பினார். உணவு விவரம் எழுதிக்கொள்கிற நர்ஸ். இருபத்தைந்து வயது இருக்கலாம். சரசு என்னிடம் "வெசனமா இருக்குதுங்க" என்று கவலையோடு முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க நம்மூரா? நானு ஹனூருங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க சித்தெ பேசாம இருங்க. அம்மாளே சொல்லட்டும்" என்றாள்.

பத்து மாதத்தில் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் சரசுவை நேராகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஏனுங்கம்மா, நேத்து காலைல என்ன உண்டீங்க?"

"இட்லி ரெண்டு."

"எத்தன மணிக்குங்க?"

"அவரு கடைக்குப் போனதுக்கு மேல. பத்தரை இருக்கும்."

"மாத்திரை?"

"எட்டு மணிக்கு. அவரு உண்ண உக்காந்தப்ப."

நர்ஸின் பேனா நின்றது. மறுபடி கேட்டாள், குரலை மாற்றாமல்.

"மத்தியானம்?"

"மாத்திரை ஒரு மணிக்கு, டாணுன்னு போட்ருவேன். சோறு மூணு, மூணரை ஆயிரும். பாத்தரமெல்லாம் கழுவிப்போட்டு, துணி எடுத்துப்போட்டு."

"நின்னுட்டா, உக்காந்தா?"

சரசு சிரித்தாள். "இதெல்லாமா மாத்திரைக்குக் கேப்பாங்க? அடுப்புக்கிட்டயே ரெண்டு வாய் போட்டுக்குவேன் சாமி."

"நடுவுல ஏதாச்சும்?"

"உப்பு பாப்பேன், காரம் பாப்பேன். மிஞ்சினா ஒரு வடை. அதுக்கெல்லாம் என்ன கணக்கு?"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எங்கம்மாளும் இப்படித்தானுங்க ஐயா. எப்ப உண்ணும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதான் கேட்டேன்."

கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும் என்பது என் தொழில். சத்தம் எல்லாம் சரியாகத்தான் வரும். வெளியே நிற்கிறவனுக்கு ஓடுகிறதென்றே தோன்றும். உள்ளே காற்றை இழுத்துக்கொண்டு இருக்கும். அப்படிக் கருகிப்போன மோட்டாரை என்னிடம் கொண்டுவருகிறவர்களை, "தண்ணி இருக்குதான்னு எட்டிப் பாக்கமாட்டீங்களா?" என்று நான் திட்டாத நாள் இல்லை.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்புள்ள, நீ உண்ணும்போதல்ல போடோணும்? எதுக்கு நா உண்ணும்போது போட்ட?"

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "டாக்டரு சோத்தோட போடச் சொன்னாரு. நீங்க உக்காந்தாத்தானுங்க நம்ம வூட்ல சோறு?"

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடுங்க, நாந்தான் வெவரமாக் கேட்டிருக்கோணும்" என்றாள். அந்த நிலைமையிலும் தப்பை அவள் எடுத்துக்கொண்டாள்.

6

அன்று முதல் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து உண்டோம். சொல்ல எளிது. முதல் வாரம் அவளால் முடியவில்லை. உட்காருவாள், எழுந்திருப்பாள், தண்ணீர் வைக்க, அப்பளம் எடுக்க. நான் கையைப் பிடித்து உட்காரவைப்பேன். "கூச்சமா இருக்குதுங்க, பாக்காதீங்க" என்பாள். உண்மையில் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இடது கைக்காரி அவள், எழுதுவதும் வெட்டுவதும் இடது கையில். சோறு மட்டும் வலது கையால் பிசைவதால் மெதுவாகத்தான் உண்பாள். கறிவேப்பிலையை ஒதுக்கமாட்டாள், மென்றுவிடுவாள். இந்த இரண்டையும் நான் ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

முதல் வாயோடு ஒரு மாத்திரை, பாதியில் இன்னொன்று. மூன்றாவது வாரத்தில் வாளிச் சத்தம் குறைந்தது. இரண்டு மாதத்தில் இரண்டரைக் கிலோ ஏறினாள். டாக்டர், நெய் எண்ணெய் எல்லாம் இனிப் பயப்படாமல் சாப்பிடலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று.

"எதா இருந்தா என்ன?"

"அப்படிச் சொல்லாத. ஏதாச்சும் ஒண்ணு சொல்லு."

 பிறகு, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்பதுபோலச் சொன்னாள்: "சந்தகை. சுடச்சுட. தேங்காப்பால் ஊத்தி."

நம் பக்கத்தில் சந்தகை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகவைத்த அரிசி மாவைச் சூடு ஆறுவதற்குள் கட்டையில் வைத்து இடியாப்பம்போலப் பிழிய வேண்டும். பிழிகிறவளுக்குச் சூடான சந்தகை கிடைக்காது. அவள் வந்து உட்காரும்போது அது ஆறி விறைத்திருக்கும். முப்பது வருஷம் தீபாவளி, நோன்பு, விருந்தாளி என்று எங்களுக்குப் பிழிந்துகொடுத்தவள் ஒரு தடவைகூடச் சூடாகத் தின்றிருக்கமாட்டாள்.

அன்றைக்கு நான் பிழிந்தேன். காயில் கட்டுகிற கை, பலத்துக்குக் குறைவில்லை, ஆனாலும் பாதி தரையில் விழுந்தது. சர்க்கரை வியாதி என்பதால் வெல்லம் போடவில்லை, கெட்டித் தேங்காய்ப்பால் மட்டும். அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு வாய் எடுத்தாள். சூடு தாங்காமல் வாயை ஊதிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்குது" என்றாள், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதைச் சரிபார்த்தவள்போல.

நாலு மாதம் இப்படி உண்டோம். ஆடிக்காற்றில் சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது. உடம்பில் எதிர்க்க ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

அந்தப் பத்து மாதமும் ஒழுங்காக மாத்திரை வேலை செய்திருந்தால் தாங்கியிருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, "ஹேளோக்காகல்லா" என்றார். சொல்ல முடியாது. பேச்சு என்றால் உயிரை விடுகிற எனக்கு இந்த ஊர் கொடுத்த கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு காலண்டர் தாளில் நான் ஒன்றும் எழுதவில்லை.

7

மேலே இருப்பதை எழுதியபோதுதான் நந்தினிக்குப் பதில் கிடைத்தது. போன் செய்து சந்தகை என்றேன். இந்தப் பகுதியை மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். திதி முடிந்துவிட்டது.

நந்தினியும் மருமகனும் பேத்தியும் வந்தார்கள். மருமகன் கன்னடக்காரர், நல்ல பிள்ளை. பேத்திக்குத் தமிழில் தாத்தா என்ற சொல் தெரியும், வேறொன்றும் தெரியாது. நான் பிழிந்தேன், நந்தினி தேங்காய்ப்பால் எடுத்தாள். சரசு படத்துக்கு முன்னால் இலை போட்டு, ஆவி பறக்கப் பறக்க வைத்தோம். கும்பிட்டோம்.

பிறகு நந்தினி எங்களுக்கு இலை போட்டாள். எனக்கு, மருமகனுக்கு, பேத்திக்கு. மூன்று இலை. பரிமாறிவிட்டுச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"நீ உக்காரலியா சாமி?"

"நீங்க ஊட்டா மாடிப்பா. நான் ஆமேலெ."

நீங்கள் சாப்பிடுங்கள், நான் அப்புறம் என்கிறாள். தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்தவள், அம்மா நின்ற அதே இடத்தில், அதே இடுப்புச் சாய்வோடு நிற்கிறாள். நான் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன்.

"ஆறிப்போகுதுப்பா" என்றாள்.

"ஆறட்டும்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பேத்தி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாத்தா யாக்கெ தின்தில்லா?" என்று அம்மாவைக் கேட்டது. தாத்தா ஏன் தின்னவில்லை? நந்தினி சொம்பைக் கீழே வைத்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு இலை போட நான் எழுந்தேன். இலையைக் கையில் எடுத்துவிட்டேன். நுனி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் இலையில் உண்டிருக்கிறேன், ஒருவருக்கும் போட்டதில்லை. தயங்கித் தயங்கி வைத்தேன்.

நந்தினி அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.